அப்டேட் போட்ட பிறகு லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட்டுக்கு அவசரப்படாதீர்கள்

போன வாரம் போச்சம்பள்ளியிலிருந்து அத்தை மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கே வந்துவிட்டாள். ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருக்கிறது, பேட்டரியும் பழசு, காலையில் பார்த்தால் லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் சுற்றுகின்றன, அதோடு சரி. கடையில் காட்டினால் ஃபார்மேட்தான் என்று சொல்லிவிட்டார்களாம். உள்ளே கடைசி வருட ப்ராஜெக்ட் மொத்தமும் இருக்கிறது, பிள்ளை அழாத குறை.

முதலில் பொறுமை. ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மினுக்கினால் உள்ளே வேலை நடக்கிறது, சார்ஜரைப் போட்டு ஒரு மணி நேரமாவது விடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் சார்ஜர், பென் டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை 15 வினாடி அழுத்திப் பிடித்து, அப்புறம் சார்ஜரை மட்டும் சொருகி ஆன் செய்யுங்கள். சில நேரம் இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? லோகோ தெரிந்ததும் பவர் பட்டனைப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். அதில் ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போங்கள். மாதாமாதம் வருவது குவாலிட்டி அப்டேட், விண்டோஸ் பதிப்பையே மாற்றும் பெரியது ஃபீச்சர் அப்டேட், கடைசியாக எது இறங்கியதோ அதை எடுங்கள். அத்தை மகளுக்கு குவாலிட்டி அப்டேட்டை எடுத்ததுமே டெஸ்க்டாப் வந்துவிட்டது. வராவிட்டால் ஸ்டார்ட்அப் ரிப்பேர், அதுவும் கைகொடுக்காவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர்.

இடையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பாதுகாப்பு) என்று நீலத் திரை வந்து 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதீர்கள். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு இப்படிச் சிலருக்கு வந்தது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து டிவைஸஸ் பகுதியில் பாருங்கள், பெரும்பாலும் அந்த எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இல்லாமல் ஃபைல்களைத் திறக்க முடியாது, அவசரப்பட்டு ஃபார்மேட் செய்தால் போனது போனதுதான்.

எதற்கும் மசியவில்லை என்றாலும் ஃபைல்களை எடுக்க வழி இருக்கிறது, இதைத்தான் பலரும் செய்வதே இல்லை. அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திரையில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். ஃபைல், ஓப்பன் போய், கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால் உங்கள் ஃபோல்டர்கள் எல்லாம் தெரியும். டிரைவ் எழுத்து மட்டும் மாறியிருக்கலாம், சி-யில் இல்லாவிட்டால் டி-யில் பாருங்கள். வேண்டியதை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். பெரிய ஃபோல்டர் என்றால் திரை உறைந்த மாதிரி நிற்கும், காப்பி ஓடிக்கொண்டுதான் இருக்கும், கை வைக்காதீர்கள். ஃபார்மேட் பேச்சை இதற்கப்புறம் எடுக்கலாம்.

லேப்டாப் எழுந்ததும் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் போய் ஒரு வாரத்துக்கு அப்டேட்டை நிறுத்தி வைக்கும் பாஸ் (Pause) கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எடுத்த அப்டேட்டே மறுபடி இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.