நிழல் பக்க அட்டவணையை உங்கள் மடிக்கணினியிலேயே பார்ப்பது எப்படி

பினாங்கில் பழைய ஆட்களிடம் வழி கேட்டால் 'பிட் ஸ்ட்ரீட்' என்பார்கள். பெயர்ப்பலகையிலோ ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்றிருக்கும். வெளியூர்க்காரர் பழைய பெயரைப் புதிய பெயராக்கி, பிறகு அதை வரைபடத்தில் தேட வேண்டும். மெய்நிகர் கணினிக்குள் நினைவகத்தைத் தொடும்போதும் இதே இரட்டை வேலைதான் நடக்கிறது. உள்ளே ஓடும் கெஸ்ட் இயங்குதளம், எந்த முகவரி எங்கே இருக்கிறது என்று குறிக்கும் தன் பக்க அட்டவணையைக் கொண்டு மெய்நிகர் முகவரியைத் தன் பௌதிக முகவரியாக மாற்றுகிறது. ஆனால் அந்தப் பௌதிக முகவரியே, மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் உருவாக்கிய கற்பிதம் என்பதால், அதை மெய்யான நினைவக இடமாக மாற்ற இன்னொரு அட்டவணை வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்து, கெஸ்ட்டின் மெய்நிகர் முகவரியிலிருந்து மெய்யான நினைவகத்துக்கு நேராகக் கொண்டுபோகும்படி ஹைப்பர்வைசர் எழுதி வைத்துக்கொள்வதே நிழல் பக்க அட்டவணை. கெஸ்ட் தன் அட்டவணையின் முகவரியை, செயலி எந்த அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று காட்டும் சிஆர்3 பதிவகத்தில் எழுத முனையும்போது ஹைப்பர்வைசர் குறுக்கிட்டு, அங்கே நிழலின் முகவரியை வைத்துவிடுகிறது.

நிழலை எழுதுவது எளிது. கெஸ்ட் தன் அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தினால் அதை ஹைப்பர்வைசருக்கு யார் சொல்வது என்பதே சிக்கல். அதற்காகத்தான் கெஸ்ட்டின் அட்டவணைகள் உள்ள பக்கங்கள் படிக்க மட்டுமே என்று பூட்டப்படுகின்றன. அங்கே எழுத முயன்றால் பக்கப் பிழை எழுந்து கட்டுப்பாடு ஹைப்பர்வைசரிடம் வருகிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் இப்படி நின்றால் கட்டுப்படியாகாது. எக்ஸ்86 (இன்டெல் வகைச் செயலிகள்) விதிப்படி, அட்டவணையைத் திருத்திய இயங்குதளமே முகவரி மாற்றங்களைச் செயலி நினைவில் வைக்கும் டிஎல்பியில் தங்கிய பழைய பதிவை இன்விஎல்பிஜி கட்டளையாலோ சிஆர்3ஐ மறுபடி ஏற்றியோ நீக்க வேண்டும். ஆகையால் அதுவரை நிழல் பழையதாக இருந்தாலும் தவறில்லை. லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம் இந்தச் சலுகையைப் பயன்படுத்திக் கடைசி நிலை அட்டவணைகளைச் சற்று நேரம் பூட்டின்றி விட்டுவைத்து, அக்கட்டளை வரும்போது மட்டும் சரிபார்க்கிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சோம்பல்தான்.

நேரில் பார்க்க, இன்டெல் செயலியும் லினக்ஸும் உள்ள மடிக்கணினி போதும் (1972 முதல் இன்டெல் ஆலை இருக்கும் தீவில் அதற்குப் பஞ்சமில்லை). எல்லா மெய்நிகர் கணினிகளையும் நிறுத்திவிட்டு, ரூட் அனுமதியோடு கேவிஎம்மின் இன்டெல் மாட்யூலை இறக்கி, ஈபிடி (இரண்டாவது மாற்றத்தைச் செயலியே செய்யும் வசதி; அது இயங்கினால் நிழல் தேவைப்படாது) என்ற அளவுருவுக்கு 0 கொடுத்து மறுபடி ஏற்றுங்கள். சிஸ் கோப்பகத்தில் அந்த மாட்யூலின் ஈபிடி கோப்பைப் படித்தால் 'என்' என்ற எழுத்து தெரிய வேண்டும். 'ஒய்' தெரிந்தால் மாட்யூல் உண்மையில் இறங்கவில்லை.

பிறகு ஒரே மெய்நிகர் செயலியும் 1 ஜிபி நினைவகமும் கொண்ட லினக்ஸ் கெஸ்ட்டைத் தொடங்கி, வெளியேற்றங்களை, அதாவது கட்டுப்பாடு கெஸ்ட்டிலிருந்து ஹைப்பர்வைசரிடம் போகும் தடவைகளை எண்ண, ஹோஸ்டில் (மடிக்கணினியின் சொந்த லினக்ஸில்) பெர்ஃப் கருவியைக் கேவிஎம் கணக்கெடுப்பில் ஓடவிடுங்கள். கெஸ்ட்டுக்குள் முதலில் வெறும் கணக்கீட்டுச் சுழல் ஒன்றை ஓட்டினால், தொடக்கப் பரபரப்புக்குப் பின் கணக்கு அடங்கிவிடும். அடுத்து, பல கோப்புகள் கொண்ட சி நிரல் ஒன்றைத் தொகுத்துப் பாருங்கள்: சிறு செயல்முறைகள் ஓயாமல் பிறந்து மடிவதால் எக்செப்ஷன், சிஆர் ஆக்செஸ், இன்விஎல்பிஜி ஆகிய காரணங்களால் ஏற்படும் வெளியேற்றங்கள் குவியும். ஈபிடியை மீண்டும் இயக்கி அதே தொகுப்பை ஓட்டினால் அவை பெரும்பாலும் மறைந்து, புதிய பக்கங்களை முதன்முறை தொடும்போது எழும் ஈபிடி வயலேஷன்களே மிஞ்சும்.

ஒரு கண்ணி உண்டு. செயலிகளின் மெல்ட்டவுன் பாதுகாப்பு ஓட்டைக்காக 2018இல் பரவலான, கர்னலுக்கும் நிரல்களுக்கும் தனித்தனி அட்டவணை வைக்கும் கேபிடிஐ தடுப்பு கெஸ்ட்டில் இயங்கினால், ஒவ்வொரு சிஸ்டம் காலும் சிஆர்3ஐ இருமுறை மாற்றும். நிழல் முறையில் அந்த மாற்றங்கள் வெளியேற்றங்களாகிவிடும். அதை நிழலின் பொதுவான விலை என்று எண்ணிவிடாமல், சோதனைக் கெஸ்ட்டின் பூட் வரியில் அத்தடுப்பை அணைத்து ஒருமுறை, அணைக்காமல் ஒருமுறை அளந்து பாருங்கள்.

ஈபிடி எல்லா வகையிலும் மலிவு என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். டிஎல்பியில் முகவரி இல்லாதபோது நான்கு நிலை நிழலை நடக்க 4 நினைவக அணுகல்கள் போதும். நான்கு நிலை கெஸ்ட் அட்டவணையும் நான்கு நிலை ஈபிடியும் சேர்ந்தால் அது 24 வரை போகும். மெய்நிகர் கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும்போது, உள் ஹைப்பர்வைசர் எழுதும் ஈபிடிக்கு வெளி ஹைப்பர்வைசரான கேவிஎம் இன்றும் நிழல்தான் கட்டுகிறது. சோதனை முடிந்ததும் ஈபிடி அளவுருவை 1 ஆக்கி மாட்யூலை ஏற்றிவிட்டு, கோப்பில் 'ஒய்' தெரிகிறதா என்று பார்த்த பிறகே வழக்கமான மெய்நிகர் கணினிகளைத் தொடங்குங்கள்.