சாத்துக்குடித் தோலில் கிளிசரின் சாறு எடுப்பது எப்படி?

காய்ந்த தோலின் சத்தைக் கிளிசரினில் இறக்கி, சருமத்தில் தடவும் ஜெல்லில் கலக்கும் சாறு இது. முதலில் ஒரு விஷயம். இந்தச் சாற்றை ‘வைட்டமின் சி சீரம்’ என்று சொல்லும் வீடியோக்களை நம்பி இறங்க வேண்டாம். தோலைக் காயவைத்துச் சூடாக்கி முடிப்பதற்குள் வைட்டமின் சி பெரும்பாலும் சிதைந்துவிடும். நமக்குக் கிடைப்பது ஹெஸ்பெரிடின் போன்ற ஃபிளேவனாய்டுகள், அதாவது தாவரங்களில் இயல்பாக இருக்கும் ஒருவகைச் சேர்மங்கள். 1828-இல் லெப்ரெட்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரஞ்சுத் தோலின் வெள்ளைப் பகுதியிலிருந்து முதலில் பிரித்தெடுத்தது இந்த ஹெஸ்பெரிடினைத்தான். அதனால் அந்த வெள்ளையைச் சுரண்டி எறியாதீர்கள்.

ஜூஸ் கடையில் சீவிப்போடும் சாத்துக்குடித் தோல் போதும். கமலா ஆரஞ்சும் ஆகும். எலுமிச்சைத் தோல் மட்டும் வேண்டாம். அதிலுள்ள ஃபுரானோகூமரின்கள் என்ற சேர்மங்கள் சருமத்தில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளமும் கருந்திட்டும் வரும். மெழுகு பூசிய இறக்குமதிப் பழத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

தேவையானவை: காய்ந்த தோல் 20 கிராம் (பச்சைத் தோல் சுமார் 100 கிராம்), கிளிசரின் 120 கிராம், காய்ச்சி வடித்த நீர் 80 கிராம், பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் (இரண்டும் கெடாமல் காக்கும் பொருள்கள்), சிட்ரிக் அமிலம், பி.எச். தாள் (அமிலத்தன்மையைக் காட்டுவது), வெப்பமானி, 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு. எல்லாமே எடைக் கணக்கு. கிளிசரின் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் மி.லி.யில் அளந்தால் விகிதம் தப்பும். கிளிசரினுக்குப் பதில் கடையில் விற்கும் டிநேச்சர்டு ஸ்பிரிட்டை (குடிக்க முடியாதபடி மாற்றிய ஆல்கஹாலை) ஊற்றிவிடாதீர்கள்; அதில் மெத்தனால் கலந்திருக்கலாம்.

1. அன்றைக்குச் சீவிய தோலை அன்றே கழுவுங்கள். ஒரு நாள் போனாலே பச்சைப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். விரல் அகலத்துக்கு நறுக்கி, நிழலில் காற்றாட மூன்று முதல் ஐந்து நாள் உலர்த்துங்கள். வளைத்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

2. மிக்ஸியில் ரவைப் பதத்துக்குப் பொடியுங்கள். மாவாக அரைத்தால் வடிகட்டும்போது துணி அடைத்துக்கொள்ளும்.

3. கொதிநீரில் கழுவிய கண்ணாடி ஜாடியில் பொடி, கிளிசரின், நீர் மூன்றையும் கலந்து மூடி, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை குலுக்குங்கள். பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்கவிட்டால் வெள்ளைப் பகுதியிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் கரைந்து, ஆறியதும் மொத்தமும் ஜாம் மாதிரிக் கொழகொழத்துவிடும். பிறகு வடிகட்டவே முடியாது. சிட்ரிக் அமிலத்தை முன்கூட்டியே சேர்த்தாலும் பெக்டின் கூடுதலாக இறங்கும். அதை ஐந்தாம் படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஆறியபின் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடியுங்கள். முறுக்கிப் பிழிந்தால் கலங்கிவிடும், தானாகச் சொட்டட்டும். பிறகு காபி வடிதாளில் இன்னொரு முறை. சுமார் 150 கிராம் தேறும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் தாளால் ஒற்றி எடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் லிமோனீன், தோலின் வாசனை எண்ணெயில் இருப்பது. காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் ஒவ்வாமையைத் தூண்டும்.

5. கிளிசரின் இருக்கிறதே, கெடாது என்று நினைக்க வேண்டாம். இந்த அளவு நீரில் பூஞ்சை வளரும். 150 கிராம் சாற்றுக்குச் சார்பேட் 0.45 கிராம், பென்சோயேட் 0.45 கிராம் எடுத்து, 5 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் சேருங்கள். அடுத்து பி.எச். பாருங்கள், 4.5 வர வேண்டும். கூடுதலாக இருந்தால் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். 5-க்கு மேல் போனால் இந்த இரண்டு பாதுகாப்புப் பொருளும் பெயருக்குத்தான் இருக்கும்.

நிறம் தேன்மஞ்சள். பிரிட்ஜில் வைத்த சில நாளில் அடியில் வெளிர்நிறப் பொடி தங்கினால் பதற வேண்டாம். ஹெஸ்பெரிடின் நீரில் சரியாகக் கரையாது, குளிரில் பிரிந்து படியும். ஆனால் மேலே பஞ்சு போல ஏதாவது மிதந்தாலோ புளித்த வாடை வந்தாலோ முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

பயன்படுத்தும்போது, கடையில் வாங்கிய கற்றாழை ஜெல் 95 கிராமுக்கு இந்தச் சாறு 5 கிராம். செடியிலிருந்து வெட்டிய கற்றாழைச் சோற்றில் கலந்தால் சீக்கிரம் கெட்டுப்போகும். முகத்துக்குப் போகுமுன் முன்கையின் உட்பக்கம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். புட்டியில் தயாரித்த தேதியை ஒட்டிப் பிரிட்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.