பிள்ளையின் நீரிழிவு ஆராய்ச்சிக்காக மிதிவண்டி ஓட்டி நிதி திரட்ட விரும்பும் பெற்றோருக்கு

டைப் 1 நீரிழிவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர், அந்நோய்க்கான ஆராய்ச்சிக்கு நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டி நிதி திரட்டும் வழக்கம் அமெரிக்காவில் நன்கு வேரூன்றியிருக்கிறது. அத்தகைய பெற்றோர்களே 1970இல் தொடங்கிய ஜேடிஆர்எஃப் என்னும் அமைப்பு, 2024இல் பிரேக்த்ரூ டி1டி எனப் பெயர் மாறியது; கூட்டுச் சவாரிகளை நடத்துவதில் அது பல ஆண்டுப் பழக்கம் உடையது. அங்கு வாழும் தமிழ்ப் பெற்றோர் ஒருவர் முதன்முறையாகப் பெயர் கொடுக்க நினைத்தால் கவனிக்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன். மிதிப்பதைவிடக் கேட்பதுதான் பலருக்குக் கடினம் என்பதால் பணத்திலிருந்தே தொடங்கலாம்.

இத்தகைய சவாரிகளில் ஒவ்வொருவரும் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை ஒன்று இருப்பது வழக்கம். அது எவ்வளவு, எந்தத் தேதிக்குள் சேர வேண்டும், குறைந்தால் மீதியை நம் கடன் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்வார்களா என்பவற்றைப் பதிவு செய்வதற்கு முன்பே படித்துவிடுங்கள். பிறகு முதல் நன்கொடையை நீங்களே போடுங்கள். மொய் நோட்டில் முதல் பெயருக்கு எதிரே இருக்கும் தொகையைப் பார்த்துத்தான் அடுத்தவர் பணப்பையைத் திறப்பார். இங்கும் அதே கதைதான். யாரிடமும் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அமைப்பு தரும் நன்கொடைப் பக்கத்தின் வழியாகவே செலுத்தச் சொன்னால்தான் வரிவிலக்குக்கான ரசீது அவர்கள் பெயருக்கு நேரடியாகப் போகும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியை நூறு பேருக்கு அனுப்பினால் கைகூப்பும் படங்கள் வருமே தவிரப் பணம் வராது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி, ஒரு தொகையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். நம்மவர்களுக்கு எழுதும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. சர்க்கரை வியாதி என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது தாத்தாவின் மாத்திரை டப்பா, "இனிப்பு நிறையக் கொடுத்தீர்களா?" என்ற கேள்வியும் பாகற்காய்ச் சாறு பற்றிய ஆலோசனையும் தவறாமல் வரும். ஆகவே கடிதத்தின் தொடக்கத்திலேயே, உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுவதால் வரும் நோய் இது, உணவுப் பழக்கத்தால் வந்ததன்று, இன்சுலின் இல்லாமல் பிள்ளை உயிர் வாழ முடியாது என்பதைச் சொல்லிவிடுங்கள். அடுத்து ஓர் இரவைக் காட்டுங்கள்:

"இரவு இரண்டு மணிக்கு, அவள் உடலில் பொருத்திய, சர்க்கரையை அளக்கும் சென்சார் அலறுகிறது. சர்க்கரை 58. தூக்கத்திலேயே அவளை உட்கார வைத்து, 15 கிராம் மாவுச்சத்து உள்ள பழச்சாற்றை உறிஞ்சச் செய்து, 15 நிமிடம் காத்திருந்து மறுபடியும் பார்க்கிறோம். 70ஐத் தாண்டிய பிறகுதான் விளக்கை அணைப்போம்."

இவ்வளவு போதும், கண்ணீர் வரவழைக்க முயல வேண்டாம். கொடுக்கும் பணம் என்ன செய்கிறது என்பதற்கும் சான்று காட்டலாம். இந்த அமைப்பு 2006இல் செயற்கைக் கணையத் திட்டத்தைத் தொடங்கியது; சென்சாரின் அளவைப் பார்த்துத் தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் முதல் பம்புக்கு 2016இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. நோய் முழுமையாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் அளவுக்குத் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் மருந்து 2022 நவம்பரில் அனுமதி பெற்றது. கடிதத்தை அனுப்புவதற்கு முன் பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். ஊசி போடும் படம் வேண்டாம் என்று அவள் சொன்னால் அதை எடுத்துவிட வேண்டியதுதான். நோய் அவளுடையது, அதை யார் அறியலாம் என்று சொல்லும் உரிமையும் அவளுக்கு உண்டு.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூறு மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓட்டுவதென்றால் நான்கு மாதங்களாவது வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று குறுகிய ஓட்டங்களும் வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டமுமாக வைத்துக்கொண்டு, நீண்ட ஓட்டத்தின் தூரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனால் போதும். 120 கிலோமீட்டரைச் சிரமமின்றி ஓட்ட முடிந்தவர்கள் பெரும்பாலும் மீதியையும் ஓட்டிவிடுவார்கள். இருக்கையின் உயரத்தை மட்டும் கடையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முழங்கால் பழிவாங்கும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் யோசனை வேண்டும். கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் பல ஆண்டுகள் இச்சவாரி அக்டோபர் மாதத்தில் நடந்திருக்கிறது. 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான பள்ளத்தாக்கு அது. அங்குள்ள பேட்வாட்டர் கடல் மட்டத்திலிருந்து 86 மீட்டர் தாழ்வானது. காற்று மிக வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும், நீரிழப்பு ஏறுவதே தெரியாது. தாகத்துக்குக் காத்திராமல் உப்புச்சத்து கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே செல்ல வேண்டும். குடும்பமும் உடன் வருகிறதென்றால் இன்சுலினைக் காரில் விட்டுவிடாதீர்கள். பயன்பாட்டில் உள்ள இன்சுலினை ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேல் போகவிடக் கூடாது. பனிக்கட்டியை ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அது வீண்தான். நீரில் நனைத்து, ஆவியாதலால் குளிரூட்டும் பை சிறந்தது.

அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். பிள்ளையின் சர்க்கரை அளவைக் கைபேசியில் பார்த்தே பழகிய பெற்றோருக்கு நாள் முழுவதும் அந்த எண் தெரியாமல் போகும். ஆகவே பொறுப்பை இன்னொரு பெரியவரிடம் முழுமையாக ஒப்படைக்க வேண்டும்: எந்த அளவுக்குக் கீழே எதைக் கொடுப்பது, எந்த வேளைக்கு எவ்வளவு இன்சுலின், மயக்கம் வந்தால் சர்க்கரையை விரைவாக ஏற்றும் குளுக்ககான் மருந்து எங்கே இருக்கிறது, எப்போது அவசர ஊர்தியை அழைப்பது என ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பயிற்சிக் காலத்தின் நீண்ட ஓட்டங்களின்போதே அவரிடம் விட்டுப் பழக்கினால், சவாரியன்று அவருக்கும் பதற்றம் இராது, உங்களுக்கும் இராது.

சவாரி முடிந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் நன்றி எழுதும்போது, அவர் வேலை செய்யும் நிறுவனம் ஊழியரின் நன்கொடைக்கு ஈடாகத் தானும் கொடுக்குமா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் கொடுக்கின்றன. ஆனால் விண்ணப்பிக்கக் கெடு உண்டு, நன்கொடை அளித்தவரே விண்ணப்பிக்கவும் வேண்டும்.