அடுக்கு மணலில் வெப்பச்சலனம் தொடங்குமா? கணக்குப் போட்டு, தொட்டியில் வைத்துப் பார்க்கும் வழி

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள். கூரைத் தளத்துக்குள் செங்கல், ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு என்று பல அடுக்கு இருக்கிறது, அதற்குள்ளே காற்று சுற்றிச் சுற்றி வந்து சூட்டை வெளியே தள்ளுகிறது, அதனால்தான் வீடு குளுமை என்று. பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் என் அக்கா மகன் இதையே புராஜெக்டாக எடுக்கட்டுமா என்று கேட்டான். எடு, ஆனால் முதலில் ஒரு தொட்டியில் மணலும் தண்ணீரும் வைத்து, சுழற்சி எப்போது கிளம்பும் எப்போது கிளம்பாது என்று கையால் தொட்டுப் பார் என்றேன். இரண்டாங்கட்டில், காற்று படாத மூலையில் செய்தோம். நீங்களும் செய்ய நினைத்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் விஷயம். மணலின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிறைந்திருக்கிறது, கீழே சூடு, மேலே குளிர். கீழே உள்ள தண்ணீர் லேசாகி மேலே வரப் பார்க்கும். மணல் அதை வழியில் மறிக்கும், போகிற வழியிலேயே சூடும் பக்கத்தில் பரவி ஆறிப்போகும். தூக்கிவிடும் விசை இந்த இரண்டு தடையையும் மிஞ்சினால் சுழற்சி, அதாவது வெப்பச்சலனம், பிறக்கும். மிஞ்சுகிறதா என்று சொல்லும் எண்தான் ராலே எண். 1945-இல் ஹார்ட்டனும் ராஜர்ஸும், 1948-இல் லாப்வுட்டும் போட்ட கணக்குப்படி, மேலும் கீழும் மூடி, இரண்டு முகத்திலும் வெப்பநிலையை நிலையாக வைத்தால் எல்லைக்கோடு 39.5. வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு, அவ்வளவுதான்.

சூத்திரத்தை முழுதாக எழுதினால் ஈர்ப்பு, பாகுநிலை (தண்ணீரின் கொழகொழப்பு), ஊடுருவுதிறன் (மணல் தண்ணீரை எவ்வளவு எளிதாக உள்ளே விடுகிறது என்பது) என்று நீளும். வீட்டுக்கு நான் சுருக்கிவைத்திருப்பது இது: மணியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்துங்கள், அதோடு கீழ்-மேல் வெப்ப வித்தியாசத்தை டிகிரியிலும் அடுக்கின் உயரத்தைச் சென்டிமீட்டரிலும் பெருக்கி, பத்தால் வகுத்துவிடுங்கள். சாதாரணக் குவார்ட்ஸ் மணல், இடுக்கு 40 சதவீதம், தண்ணீரின் சராசரி வெப்பம் 40 டிகிரி, இந்த நிலைமைக்குத்தான் இது பொருந்தும். சராசரி 25 டிகிரிக்கு இறங்கினால் வரும் எண் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், ஏனென்றால் குளிர்ந்த தண்ணீர் குறைவாக விரியும், அதிகமாகக் கொழகொழக்கும்.

இதைப் போட்டுப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு 3 மில்லிமீட்டர் கூழாங்கல் என்றால் 4.4 டிகிரி வித்தியாசமே போதும். 1 மில்லிமீட்டர் மணலுக்கு 40 டிகிரி வேண்டும். 0.3 மில்லிமீட்டர் மணலுக்கு 440 டிகிரி, அதாவது நடக்காது. விட்டம் வர்க்கத்தில் ஏறுவதால் சல்லடைதான் இந்த வேலையில் முக்கியமான கருவி. சிவில் லேபில் 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கி 4.75 சல்லடையில் இறங்கியதைக் கூழாங்கல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். நைஸ் மணலுக்கு 300 மைக்ரானை, அதாவது 0.3 மில்லிமீட்டரை, ஒட்டியது. எம்-சாண்ட் வேண்டாம், தூசி தீரவே தீராது. எதுவானாலும் கழுவின தண்ணீர் தெளியும் வரை கழுவுங்கள்.

மணலின் ஊடுருவுதிறனை நேரடியாக அளக்க ஆசைப்பட்டால், 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள பிவிசி குழாயின் அடியில் துணி கட்டி, மணலை நிரப்பி, தண்ணீரை மணலின் மேல்மட்டத்திலேயே நிறுத்திவைத்து எவ்வளவு சொட்டுகிறது என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் மணலில் நிமிடத்துக்கு 120 மில்லி போலக் கிடைத்தால் கணக்கு சரி. கூழாங்கல்லுக்கு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதில் தண்ணீர் வேகமாக ஓடும், அந்த வேகத்தில் டார்சி விதி, அதாவது தள்ளும் விசைக்கு நேர்விகிதத்தில் ஓட்டம் இருக்கும் என்ற விதி, செல்லாது.

சரி, தொட்டி. நீளம் 40, உயரம் 10, அகலம் 15 சென்டிமீட்டர். மீன்தொட்டி ஒட்டுகிறவரிடம் பக்கங்களைக் கண்ணாடியிலும் அடியை அலுமினியத் தகட்டிலும் செய்யச் சொல்லுங்கள், அடி கண்ணாடியாக இருந்தால் சூடு சமமாக ஏறாது. அடியில் வெந்நீர்த் தட்டு, மேலே ஒரு சில்வர் தட்டில் ஓடும் தண்ணீர், சுற்றிலும் தெர்மோகோல். ஐஸ் தேவையில்லை. நம்ம ஊர்த் தண்ணீர் 30 டிகிரியில் இருந்தால் அடியை 50-இல் நிறுத்தினால் போதும், சராசரி 40 வந்துவிடும். மத்தியானம் மாடித் தொட்டித் தண்ணீரைத் திறக்காதீர்கள், அதுவே கொதித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டு, அதற்குள் மணலைத் தூவ வேண்டும். மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும், அப்புறம் அது போகவே போகாது. மேல் தட்டு மணலைத் தொட்டபடி உட்கார வேண்டும். நாங்கள் முதல் தடவை ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் மேலே நிற்க விட்டுவிட்டோம், இரண்டு டிகிரி வித்தியாசத்திலேயே மணலுக்குள் வைத்த வெப்பநிலை சென்சார்கள் தாறுமாறாகப் பிரிந்தன. மணல் இல்லாத வெறுந்தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் இருந்தால், ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு வித்தியாசத்துக்கே அது சுழலத் தொடங்கிவிடும். அன்று நாங்கள் பார்த்தது மணலின் சுழற்சியே இல்லை.

அந்தச் சென்சாருக்கு, தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார் ஆறு ஏழு வாங்கி, உயரத்தின் நடுவில், 5 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஒரே வரிசையில் வையுங்கள். சூடு வெறுமனே கடத்தலில் போனால் எல்லாம் ஒரே அளவு காட்டும். சுழற்சி கிளம்பினால் தண்ணீர் ஏறும் இடம் சூடாகவும் இறங்கும் இடம் குளிர்ச்சியாகவும் பிரியும். ஒரு சுழலின் அகலம் அடுக்கின் உயரத்தளவு இருக்கும், அதனால் இந்தத் தொட்டியில் நான்கு சுழல் எதிர்பார்க்கலாம். இந்தச் சென்சார்கள் அரை டிகிரி வரை ஒன்றுக்கொன்று மாறுபடும், எல்லாவற்றையும் முதலில் ஒரே சொம்புத் தண்ணீரில் போட்டு வித்தியாசத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு மணி நேரம் காத்திருங்கள். 10 சென்டிமீட்டர் மணலுக்குள் சூடு நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும், அவசரப்பட்டால் எல்லாம் பொய். கேசரிப் பவுடர் கரைசலைச் சொட்டுவிட்டால் கண்ணாடியோரம் ஓட்டம் தெரியும், ஆனால் ஓரத்தில் இடுக்கு பெரிது என்பதால் அங்கே வேகம் கூடுதலாக இருக்கும். கண்ணைவிட சென்சாரை நம்புங்கள்.

இனி அடுக்கு. இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள், நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அடியில் 5 சென்டிமீட்டர் நைஸ் மணல், மேலே 5 சென்டிமீட்டர் கூழாங்கல், மொத்தம் 20 டிகிரி. நீர் செங்குத்தாக இரண்டையும் கடக்க வேண்டும் என்பதால் இரண்டு அடுக்கின் ஊடுருவுதிறனுக்கும் ஹார்மோனிக் சராசரி (தலைகீழ் எண்களின் சராசரியைத் திரும்பத் தலைகீழாக்குவது) எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் எண் 3.6 தான். "மாமா, நாற்பது எங்கே, இது எங்கே, சும்மா கிடக்கும்" என்றான் பையன். ஆனால் கூழாங்கல் அடுக்கை மட்டும் தனியாகப் பாருங்கள். அதன் பங்கு 10 டிகிரி, உயரம் 5, மணி 3, எண் 45. அது தனக்குள்ளேயே சுழலும், கீழே உள்ள மணல் அசையாமல் கிடக்கும். பூமிக்கடிச் சூட்டு நீரை மனத்தில் வைத்து 1980-இல் மெக்கிபினும் ஓ'சல்லிவனும் காட்டியதும் இதுதான்: அடுக்குகளின் ஊடுருவுதிறன் வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் சுழற்சி ஓர் அடுக்குக்குள் ஒதுங்கும். எங்கள் தொட்டியில் அது நூறு மடங்கு. ஆகவே சராசரி போடுமுன் ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அடுக்கைப் பாதியாக்கினால் உயரமும் பாதி, அதன் பங்கு வெப்பமும் பாதி, எண் நான்கில் ஒன்று. அதையே ஒரு சென்டிமீட்டர் வீதம் மணலும் கூழாங்கல்லும் மாறி மாறிப் பத்து அடுக்காகப் போட்டால் ஒரு கூழாங்கல் அடுக்கின் எண் 1.8, தனியாக ஒன்றும் நடக்காது. இப்போதுதான் சராசரி செல்லும். கிடைவாட்டில் ஊடுருவுதிறன் செங்குத்தைப் போல 25 மடங்கு இருப்பதால் எல்லைக்கோடு 39.5-இலிருந்து 14-க்கு இறங்கும், சுழல்களும் அகலமாகும். அப்படியும் 80 டிகிரி வித்தியாசம் வேண்டும். நைஸ் மணல் கூழாங்கல்லின் இடுக்கில் இறங்கிவிடாமலிருக்க, ஒவ்வொரு நைஸ் மணல் அடுக்குக்கும் அடியில் பழைய வேட்டித் துணியை விரியுங்கள்.

தளத்தைப் பற்றிக் கேட்டவனுக்கு இதே கணக்குதான் பதில். பகலில் சூடு மேலிருந்து வருகிறது, சூடான காற்று ஏற்கெனவே மேலே இருப்பதால் எவ்வளவு வெயில் அடித்தாலும் சுழற்சி கிளம்பாது. இரவில் தளத்தின் மேல்முகம் ஆறும், அப்போது வாய்ப்பு உண்டு. ஆனால் சுண்ணாம்பே இல்லாமல் 20 மில்லிமீட்டர் ஜல்லியை 15 சென்டிமீட்டருக்கு வெறுமனே பரப்பி, 15 டிகிரி வித்தியாசம் கொடுத்தாலும் காற்றுக்கு எண் பத்தைச் சுற்றித்தான் வருகிறது. சுண்ணாம்பு போட்டு இடித்து இறுக்கிய தளத்தில் அது சுழியத்தை ஒட்டிப் போய்விடும். அந்தத் தளம் சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுகிறது, அதன் கனம் செய்யும் வேலை அது.