ஒரு அடிக் குழாயும் ஒரு நோட்டும்: குறுவையில் அளந்து பாய்ச்சும் முறை

நெல் நட்டதிலிருந்து அறுப்புக்குப் பத்து நாள் முன்புவரை வயலில் தண்ணீர் தளும்பினால்தான் காவிரி டெல்டாவில் நமக்குத் தூக்கம் வரும். பயிருக்கு அவ்வளவு தேவையில்லை. தண்ணீர் நிற்கும் சேற்றுக்குள் காற்று இறங்காது. காற்றில்லாத இடத்தில் வைக்கோலும் தாளும் மட்கும்போது பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது, அதில் பெரும்பகுதி நெல்லின் தண்டு வழியாகவே மேலே வருகிறது. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐபிசிசியின் கணக்கீட்டு வழிகாட்டியின் 2019 திருத்தத்தில், எப்போதும் நீர் கட்டிய வயலின் மீத்தேன் 1 என்றால் பலமுறை காயவிட்ட வயலுக்கு 0.55. ஏறக்குறைய பாதி.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சி விடுவது புதிதல்ல. எப்போது பாய்ச்சுவது என்பதில்தான் தகராறு. மேலே வெளுத்துக் கிடக்கும் களிமண்ணில் நான்கு விரல் கீழே தண்ணீர் நிற்கும். கண்ணை நம்பினால் பயந்துபோய் மோட்டாரைப் போட்டுவிடுவோம், அல்லது விட்டுவிட்டு வெடிப்பு விழ வைப்போம். மண்ணுக்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு அடிக் குழாய் அதற்குத்தான்.

முதலில், எங்கே செய்யக்கூடாது என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திருவாரூர், நாகைப் பக்கத் தாழ்வான வயலை யாராலும் காயவிட முடியாது. முறை வைத்து ஆற்றுத் தண்ணீர் வரும் கடைமடையில், அடுத்த முறை வருமா என்று தெரியாமல் வந்த தண்ணீரை விடச் சொல்வது நியாயமும் இல்லை. வேதாரண்யம் போன்ற உப்பேறிய மண்ணில் காயவிட்டால் உப்பு மேலே ஏறும். ஆகவே கையில் போர்செட் உள்ள குறுவை வயலில், அதாவது அந்த மழைக்கு முந்தைய குறுகிய காலப் போகத்தில் தொடங்குங்கள். வயல் சமமாக இருக்க வேண்டும். ஒரு மூலை மேடு, ஒரு மூலை பள்ளம் என்றால் குழாய் காட்டும் அளவு அது இருக்கும் மூலைக்கு மட்டும்தான்.

குழாய் செய்வது

4 அங்குல அல்லது 6 அங்குல பிவிசி குழாயில் 30 செ.மீ. துண்டு. 6 அங்குலம் என்றால் உள்ளே கைவிட்டுச் சேற்றை அள்ளலாம், அதுதான் வசதி. வீடு கட்டிய இடத்தில் மிஞ்சிய துண்டே போதும். பாதியில் கோடு போட்டு, கீழ்ப்பாதி 15 செ.மீ.யில் மட்டும் சுற்றிலும் 5 மி.மீ. துளைகளை 2 செ.மீ. இடைவெளியில் போடுங்கள். மேல்பாதியில் துளை கூடாது.

வரப்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே, வயலின் சராசரி மட்டம் உள்ள இடத்தில், கோடு மண்மட்டத்துக்கு வரும்வரை இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அடிவரை எடுத்துவிடுங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். உள்ளும் புறமும் ஒரே மட்டம் இல்லையென்றால் துளை அடைத்திருக்கிறது. பிடுங்கிக் கழுவி மறுபடி இறக்க வேண்டும். களிமண்ணில் இது அடிக்கடி நடக்கும். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சியில் துணி கட்டுங்கள், களை எடுக்க வருபவர்கள் மிதிக்காமல் இருப்பார்கள்.

அளப்பதும் பாய்ச்சுவதும்

குழாய் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளந்து 15ஐக் கழியுங்கள். விளிம்பிலிருந்து 22 செ.மீ. என்றால் தண்ணீர் மண்ணுக்கு 7 செ.மீ. கீழே. 30 செ.மீ. என்றால் 15 கீழே, அன்று 5 செ.மீ. உயரத்துக்குக் கட்டுங்கள். அதற்கு முன் மோட்டார் வேண்டாம்.

நட்ட முதல் இரண்டு வாரம் தண்ணீர் நிற்கட்டும், களை அதிகமுள்ள வயலில் மூன்று வாரம். பூக்கும் நேரத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரம் 5 செ.மீ. குறையவே கூடாது. ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகம் விதைத்த 80ஆம் நாள் வாக்கில் பூக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வாரத்தில் காயவிட்டால் பதர்தான் மிஞ்சும்.

யூரியாவை மண் காய்ந்திருக்கும்போது தூவி உடனே பாய்ச்சுங்கள். தூவிவிட்டுக் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போகும். அதில் நைட்ரஸ் ஆக்சைடும் சேரும், அதுவும் பூமியைச் சூடாக்கும் வாயுதான், மீத்தேனைக் குறைத்து இதைக் கூட்டுவதில் அர்த்தமில்லை.

ஒரே நாளில் 5, 6 செ.மீ. இறங்கினால் பயிர் குடித்துவிட்டது என்று எழுதாதீர்கள். வரப்பைச் சுற்றிப் பாருங்கள். நண்டு வளை வழியாகப் பக்கத்து வயலுக்கோ வடிகாலுக்கோ போய்க்கொண்டிருக்கும், வளை வாயில் ஈரமண் உருண்டைகள் குவிந்திருக்கும். வளையைச் சேற்றால் மிதித்து அடைத்த பிறகு எடுக்கும் அளவுதான் உங்கள் வயலின் அளவு. விரல் நுழையும் வெடிப்பு விழுந்துவிட்டால் அதுவும் இதே நஷ்டம். பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே ஆழத்துக்குப் போய்விடும். அப்படிப்பட்ட களியில் 15 வரை காத்திருக்காமல் 10 செ.மீ.யிலேயே பாய்ச்சுங்கள்.

மழையும் மோட்டாரும்

11.3 செ.மீ. வாய் உள்ள புனலின் பரப்பு 100 சதுர செ.மீ. அதை இரண்டு லிட்டர் பாட்டிலில் செருகினால், சேரும் ஒவ்வொரு 10 மி.லி.யும் 1 மி.மீ. மழை. மருந்துக்கடைச் சிரிஞ்சால் அளக்கலாம். தென்னை, கூரை எதுவாயினும் அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வையுங்கள். வானிலைத் துறை காலை 8.30க்கு எடுக்கிறது, நீங்களும் அப்போதே எடுங்கள்.

மோட்டார் தள்ளும் அளவுக்கு 200 லிட்டர் டிரம் போதும். 20 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டர். ஒரு மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு நிலம்) 5 செ.மீ. கட்ட சுமார் 67,000 லிட்டர், இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; காய்ந்த மண் குடிப்பது இதற்கு மேல். 20 மி.மீ. மழை பெய்தால் அதே மாவுக்கு 27,000 லிட்டர் இலவசமாக வந்துவிட்டது. விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் நேரத்தை யாரும் எழுதி வைப்பதில்லை, நிலத்தடி நீர் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது.

நோட்டு

தேதி, நேரம், குழாய் அளவு, மழை, மோட்டார் நேரம், குறிப்பு. ஆறு கட்டம் போதும். மண்ணுக்குக் கீழே என்றால் கழித்தல் குறி. மழை இல்லாத நாளில் 0, அளக்காத நாளில் வெற்றுக் கட்டம். இரண்டும் ஒன்றல்ல. மறந்துபோன நாளை மனக்கணக்கில் நிரப்பினால் முழு நோட்டும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

தனியாளாக இதைச் செய்வது கடினம். பல இடங்களில் தண்ணீர் ஒருவர் வயல் வழியாகத்தான் அடுத்தவர் வயலுக்குப் போகிறது, மேல்வயல் பாய்ச்சினால் உங்கள் வயல் காயாது. ஆகவே ஒரே வாய்க்காலில் ஐந்தாறு பேராவது சேருங்கள். வெள்ளிக்கிழமை தோறும் நோட்டுப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டால் யார் அளவு பிசகுகிறது என்று உடனே தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க, ஒருவராவது ஒரு மாவை வழக்கம்போல நீர் கட்டி வையுங்கள். அதே ரகம், அதே நடவுத் தேதி, பக்கத்து மண். அறுப்பில் இரண்டிலும் 5க்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, காயவைத்து எடை போட்டு, 162ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல். ஓரத்துப் பயிரை எடுக்காதீர்கள், அது எப்போதும் கூடுதலாகக் காட்டும். குழாய் மீத்தேனை அளக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மண் காய்ந்த நாட்களைத்தான் அது காட்டுகிறது. கார்பன் கிரெடிட், அதாவது குறைத்த வாயுவுக்குப் பணம், வாங்கித் தருவதாக யாராவது வந்தால், பணம் எப்போது, யாருக்கு, எத்தனை வருட ஒப்பந்தம் என்று கேட்டுவிட்டு நோட்டின் நகலை மட்டும் கொடுங்கள்.

அறுவடை இயந்திரம் இறங்குமுன் குழாயைப் பிடுங்கிவிடுங்கள். இயந்திரம் போட்டுவிட்டுப் போகும் வைக்கோலைப் பச்சையாக மடக்கி உழுது உடனே குறுவைக்கு அடுத்த போகமான தாளடிக்குத் தண்ணீர் கட்டினால் குறுவையில் மிச்சம் பிடித்த மீத்தேனில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும். வைக்கோலைக் கட்டு கட்டி வெளியே எடுங்கள். முடியாவிட்டால், நடவுக்கு ஒரு மாதம் இடைவெளி கிடைக்கும் வயலிலாவது முன்கூட்டியே உழுது காயப்போடுங்கள்.