முகப்பரு அழுக்கன்று: இராமநாதபுரக் கரையோரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பனிலோ கீழக்கரையிலோ, முகத்தில் பரு வந்த பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் முதலில் சொல்வது "நல்லாத் தேய்ச்சுக் கழுவு" என்பதுதான். பருவை அழுக்கு என்று எண்ணுவதால் வரும் அறிவுரை இது. ஏனைய தவறுகளில் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. மயிர்க்காலை ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பிகள் வளரும் வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் மிகுதியாகச் சுரக்க, உதிர வேண்டிய தோல் செல்கள் துளையிலேயே ஒட்டி அடைத்துக்கொள்ள, அடைபட்ட எண்ணெயில் பாக்டீரியா பெருகி வீக்கம் உண்டாவதே பரு. இவை யாவும் தோலுக்குள் நடப்பவை. கரும்புள்ளியின் கறுப்புக்கூட அழுக்கன்று. துளையின் வாயில் உள்ள மெலனினும் எண்ணெயும் காற்றுப்பட்டுக் கறுத்ததே அது.

எங்கள் பக்கத்து உவர்நீர் இந்தத் தேய்ப்பை இன்னும் கெடுதலாக்குகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சோப்புடன் சேர்ந்து கரையாத படலமாகின்றன. வாளியின் விளிம்பில் வெள்ளையாகப் படிவது முகத்திலும் படிகிறது. நுரை வரவில்லையே என்று மேலும் சோப்புப் போடுபவர் அந்தப் படலத்தைத்தான் கூட்டுகிறார். சோப்பு அல்லாத மென்மையான ஃபேஸ்வாஷைக் காலையும் மாலையும் பயன்படுத்தினால் போதும்; இடையில் வியர்த்தால் வெறும் தண்ணீரே போதுமானது. கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரால் அலசுவது நல்லது. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை முகத்துக்கா ஊற்றுவது என்று வீட்டில் கேட்பார்கள்தான். ஆனால் மூன்றாவது ஃபேஸ்வாஷ் வாங்குவதைவிட அது மலிவு.

கடலில் குளித்தால் பரு காய்ந்துவிடும் என்ற நம்பிக்கையும் இங்கு உண்டு. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புள்ள நீர் மேல்தோலைக் காய வைக்குமே தவிர, உள்ளே இருக்கும் அடைப்பைத் திறக்காது. அக்னி தீர்த்தத்தில் நீராடுவது புண்ணியத்துக்காக இருக்கட்டும். கரையேறியதும் நல்ல நீரால் முகத்தை அலசிவிட வேண்டும்.

எண்ணெய் வழியும் முகத்துக்கு மாய்ஸ்சரைசர் எதற்கு என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. பரு மருந்துகள் தோலை உலர்த்துபவை. ஈரப்பதம் காக்காவிட்டால் எரிச்சல் தாங்காமல் மருந்தையே நிறுத்திவிடுவோம். இந்தப் புழுக்கத்துக்கு எண்ணெய்ப்பசை இல்லாத ஜெல் வகையே ஏற்றது. அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைத் தடவுவது துளைகளை அடைக்கக்கூடும். தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை; அது வியர்வையோடு நெற்றியில் இறங்கி இரவெல்லாம் ஊறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

நெற்றி, மார்பு, முதுகு ஆகிய இடங்களில் ஒரே அளவில், அரிப்புடன், கூட்டமாக வரும் சிறு பருக்களைப் பலரும் முகப்பரு என்றோ வேர்க்குரு என்றோ எண்ணுகின்றனர். வெப்பமும் வியர்வையும் மிகுந்த ஊர்களில் இது பெரும்பாலும் மலசீசியா என்னும் பூஞ்சையின் வேலையாக இருக்கும். அதற்குப் பூஞ்சைக்கு எதிரான மருந்துதான் வேண்டும். பருவுக்கென்று ஆன்டிபயாடிக்கைத் தின்றால் அந்தப் பூஞ்சை இன்னும் பெருகக்கூடும். பரு அரிக்கிறதா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது பயனுள்ள கேள்வி.

இவை அனைத்தையும்விட நான் அஞ்சுவது ஸ்டீராய்டு கிரீம்களைத்தான். என் சித்தி மகள், மருந்துக்கடையில் சொன்னதை நம்பி பீட்டாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்த ஒரு டியூபை வாங்கித் தடவினாள். முதல் வாரம் முகம் பளிங்குபோல் ஆனது, தெருவே கேட்டது. இரண்டு மாதம் கழித்து நிறுத்தியபோது முன்பைவிட மோசமாகப் பருக்கள் வெடித்தன. தோல் மெலிந்து, வெயில் பட்டாலே சிவந்து எரிந்தது. வீக்கத்தை அமுக்குவது மட்டுமே இம்மருந்தின் வேலை என்பதால், தொடக்கத்தில் கிடைக்கும் அந்த அழகே பொறியாகிவிடுகிறது. இத்தகைய பல பூச்சு ஸ்டீராய்டுகளை 2018-இல் மத்திய அரசு மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அன்போடு கொண்டுவரும், உட்பொருள் எழுதப்படாத வெள்ளையாக்கும் கிரீம்களிலும் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவியவர்கள் எப்படி நிறுத்துவது என்று தோல் மருத்துவரிடம் கேட்டே நிறுத்த வேண்டும்.

சரியான மருந்தையும் பொறுமையின்றிக் கெடுத்துக்கொள்கிறோம். பருவிலுள்ள பாக்டீரியாவைக் கொல்லும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே பெரும்பாலும் போதுமானது. 10 சதவீதத்தால் எரிச்சல்தான் கூடும். துளை அடைபடாமல் காக்கும் அடபலீன் 0.1 சதவீத ஜெல்லை ஒரு பட்டாணி அளவு எடுத்து, பருவின் மேல் மட்டும் வைக்காமல், பரு வரும் பகுதி முழுதும் இரவில் மெல்லிதாகத் தடவ வேண்டும். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். கர்ப்பிணிகளும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகும். பென்சாயில் பெராக்சைடு தலையணை உறையையும் துண்டையும் வெளுத்துவிடும். நல்ல துணிகளை ஒதுக்கி வையுங்கள்.

எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் சென்றால் தோல் வெந்து கறுக்கும். பற்பசையும் அப்படியே வேண்டாதது. நம் நிறத்தில் பரு ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்தே நிற்பதும், வெயில் அக்கறுப்பை ஆழப்படுத்துவதும் இயல்பு. ஆகவே எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் தேவை. கடற்பாசி எடுக்கப் போகும் பெண்கள் முகத்தைச் சுற்றிக் கட்டும் துணி அதைவிடவும் நல்ல காப்பு. ஆனால் உப்பில் நனைந்து காய்ந்த அதே துணியை மறுநாளும் கட்டினால், உராய்விலேயே தாடையோரம் பரு கிளம்பும்.

ஆழமான, வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, பருவோடு மாதவிடாய் தவறி முகத்தில் முடியும் வளர்ந்தாலோ வீட்டு முயற்சிகளை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். போகும்போது, இதுவரை தடவிய டியூபுகள் அனைத்தையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.