புதிய மடிக்கணினியில் ஃபெடோரா பீட்டா: தொடங்குவோருக்கு

கல்லடியில் இருக்கும் என் தங்கையின் மகள், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் படிப்பதற்காகப் புதிய மடிக்கணினி வாங்கினாள். அதில், விண்டோஸைப் போன்ற இயங்குதளமான லினக்ஸின் பழைய பதிப்பொன்றைப் போட்டுப் பார்த்தோம். மெனுவில் வைஃபை என்ற சொல்லே இல்லை. கருவியில் பழுதில்லை, அதன் வைஃபை சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பிந்திய பதிப்பில்தான் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து, புத்தம் புதிய கருவி என்றால் பீட்டாவையும், அதாவது வெளியீட்டுக்கு முன் வரும் சோதனைப் பதிப்பையும், பார்க்கச் சொல்கிறேன்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோரா வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல், ஒக்டோபர் வாக்கில் வெளிவரும். அதற்குச் சில வாரங்கள் முன் பீட்டா கிடைக்கும். பீட்டாவை நிறுவியவர்கள் மீண்டும் நிறுவ வேண்டியதில்லை; அப்டேட் செய்துகொண்டே வந்தால் அது இறுதிப் பதிப்பாகிவிடும்.

1. முதலில் எழுதுவதற்கு ஒரு கொப்பியை எடுங்கள். விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே இயங்குகிறது. பூட் ஒழுங்கு (கணினி எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசை) மாறினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதுவும் உங்களுக்கு இல்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கில் அந்த எண்ணைத் தேடி, கையால் எழுதி, இன்னொருவரைக் கொண்டு சரிபார்த்துவிடுங்கள். கோப்புகளையும் வெளியே பிரதியெடுங்கள்.

2. ஃபெடோராவை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு 2 ஜிபிக்கு மேல் வரும். இரவு டேட்டாவில் இறக்குங்கள். ஃபெடோரா மீடியா ரைட்டர் என்ற செயலி மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

3. பென் டிரைவைச் செருகி, எஃப் 12 அல்லது உங்கள் கருவிக்குரிய விசையால் பூட் மெனுவைத் திறவுங்கள். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை நிறுத்தத் தேவையில்லை. முதல் தடவை, ஊடகத்தைச் சோதித்துத் தொடங்கும் வரியையே தெரிவுசெய்யுங்கள்.

4. திரை வந்ததும் நிறுவ அவசரப்படாதீர்கள். ஒரு மாலை முழுவதும் பென் டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். வைஃபை, ஒலி, கமரா, டச்பேட் எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். மூடியைச் சாத்திப் பத்து நிமிடம் விட்டுத் திறவுங்கள். புதிய கருவிகள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். வைஃபை வரவில்லையென்றால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள்.

5. எல்லாம் சரியென்றால் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 60 ஜிபி இடம் ஒதுக்கி, அந்த வெற்றிடத்தில் மட்டும் நிறுவுங்கள். மின்வெட்டு வரலாம், பற்றரி நிறைந்திருக்கட்டும். நிறுவும் செயலியில் எஸ்எஸ்டி (கணினியின் சேமிப்பகம்) தெரியாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயோஸில் சேமிப்பக முறையைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

6. அப்டேட்டுக்குப் பின் கணினி எழும்பவில்லையா? பயப்படாதீர்கள். தொடக்க மெனுவில் முந்திய கெர்னல் இருக்கும். அதைத் தெரிவுசெய்து உள்ளே போங்கள்.

7. எனக்கு மிகவும் முக்கியமானது இந்தப் படி. விசைப்பலகை அமைப்பில் இலங்கைத் தமிழைச் சேர்த்து, "கொக்கு", "ஸ்ரீ", "மௌனம்" என்று உலாவி, எழுத்துச் செயலி, டெர்மினல் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) மூன்றிலும் தட்டச்சிடுங்கள். "கொ"வின் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றால் திரையைப் படமெடுங்கள். கெர்னல் எண், மடிக்கணினியின் மாடல், செயலியின் பதிப்பு ஆகியவற்றோடு ஃபெடோராவின் பிழைகளை முறையிடும் தளமான பக்ஸில்லாவில் பதியுங்கள். எளிய ஆங்கிலம் போதும். பீட்டா நாட்களிலேயே சொல்லிவிட்டால், வெளியீட்டுக்கு முன் அதைத் திருத்த அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.